கோட்டைக்குப்பத்துக் கப்லிங்கம்

கோவணம் கட்டிக்கொண்டு கஃப் லிங்க் போட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். லண்டனில் தேடினாலும் கிடைக்கமாட்டார், பாரிசில் வலை போட்டாலும் அகப்படமாட்டார். அவர் பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் இருந்தார். நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்திருக்கிறேன். அவர் வீட்டு ரசத்தில் கிடந்த சட்டைப் பொத்தானைக் கடித்து ஒரு கடைவாய்ப்பல்லைப் பறிகொடுத்துமிருக்கிறேன். ஆகவே இது விஷயமாக யாரும் என்னோடு வாதத்துக்கு வரவேண்டாம்.

ஊரில் அவருக்குப் பெயர் கப்லிங்கம். பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். அப்போது நான் பழவேற்காடு தபாலாபீசில் கிளார்க். நான் இருந்த காலம் முழுக்க அவருக்கு ஒரு கார்டுகூட வராததால் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் மனைவி மங்காவைக் கேட்டால், "இந்த ஆளுக்குப் பேரு ஒண்ணுதான் கொறச்சல்!" என்று முகவாயை இடித்துக்கொள்வார்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கு மேலே கஞ்சி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் பட்டியை இரட்டையாக மடித்து, அந்த மடிப்பைச் சேர்த்துப் பிடிக்க, தைத்த பொத்தானுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டுகிற கஃப் லிங்க். மார்பிலும் அப்படியே கழற்றி மாட்டுகிற பொத்தான்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய சங்கிலி. இடுப்புக்குக் கீழே வந்துவிட்டால் கோவணம், சேறு, அவ்வளவுதான். இந்தக் கோலத்தில் படகில் நின்று கழியூன்றிப் போவார். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

"தண்ணிக்கு மேல தெரியறதுக்குத்தான சார் சட்ட? கீழ இன்னா கீதுனு இறாலுங்கோ கேக்கப்போவுதா?" என்றார்.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்த இடம் ராயபுரம். இளவயதில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோது, வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்து ஓய்ந்துபோன ஒரு பட்லர் பழக்கமானாராம். அவர் ஒரு ஜோடி கஃப் லிங்க்கைக் கொடுத்து, கூடவே சட்டதிட்டங்களையும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மூர் மார்க்கெட் பழைய சாமான் கடைகளில் இவர் துழாவாத தகர டப்பா இல்லை. மீன் விற்கப் பட்டணம் போகிறவர்கள் திரும்பும்போது குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்கி வருவார்கள். இவர் சட்டைப்பையில் பொத்தான் சத்தம் கேட்கும்.

பட்லரின் சட்டதிட்டம் கோட்டைக்குப்பத்தில் கண்டிப்பாக அமலில் இருந்தது. பகலில் மின்னக்கூடாது, இரவில் மின்ன வேண்டும். ஏரிக்கு வெள்ளி. கல்யாணத்துக்கும் நல்ல காரியத்துக்கும் முத்துச்சிப்பி. சாவுக்குக் கறுப்புக் கல். ஒருமுறை ஊர்ப் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். பாடை தூக்குகிறவர்களில் இவரும் ஒருவர். பாடை கட்டியாயிற்று, சங்கு ஊதியாயிற்று, ஆளைக் காணோம். கறுப்புப் பொத்தான் ஒன்று கட்டிலடியில் உருண்டுவிட்டதாம். பிணம் காத்திருந்தது. கடைசியில் இறந்தவரின் மனைவியே ஒப்பாரியை நிறுத்திவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தப் பொத்தானு இன்னும் கெடைக்கலியாமா?" என்று விசாரித்தார்.

சேகரிப்பு முழுவதும் மங்காவின் அஞ்சறைப்பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு வகை. கடுகுக்கும் சீரகத்துக்கும் அந்த வீட்டில் இடமில்லை, அவை பொட்டலமாக ஆணியில் தொங்கின. அவசரத்தில் எது எதில் விழுந்ததோ, நான் விருந்துக்குப் போன அன்றைக்கு ரசத்தில் ஒரு பொத்தான் வந்துவிட்டது. நான் 'கடக்' என்று கடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு துடிக்கிறேன். கப்லிங்கம் பாய்ந்து வந்து என் தாடையைப் பிடித்தார்.

"சார், அசையாதீங்க! முழுங்கிடாதீங்க! அது பம்பாய் சரக்கு!"

"அவுரு பல்லு போச்சேனு கீறாரு, உனுக்கு சரக்கு கேக்குதா?" என்று மங்கா கரண்டியை ஓங்கினார். பொத்தானுக்குச் சேதமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சட்டை தைக்கிற பொறுப்பு பஜாரில் இருந்த காதர் பாயுடையது. மணிக்கட்டுப் பட்டியின் இரண்டு முனையிலும் துளை மட்டும் இருக்க வேண்டும், பொத்தானே கூடாது என்பதை பாயால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. தையல்காரன் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒவ்வொரு தடவையும் மனது கேட்காமல் ஒரு பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் இவர் அதைப் பிய்த்து பாயின் மேஜையில் வைப்பார்.

"பாய், தொள போடு, தொள மட்டும் போடுனு எத்தினி வாட்டி சொல்றது?"

கடைசியில் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "தொளதான வேணும்? இந்தா!" என்று கத்தரியை வைத்து, கெளுத்தி மீன் குடும்பத்தோடு போய்வருகிற அளவுக்குத் துளை போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பாய் தைத்த எல்லாத் துளைகளும் அதே அளவுதான். இவரும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

ஒரு காலத்தில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாழ்ந்த டச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கப்லிங்கம் என்னை மன்னிக்கமாட்டார். ஏரியில் ஒருநாள் இவர் வலையில் ஒரு வெள்ளிப் பொத்தான் வந்தது. பூப்போல வேலைப்பாடு, ஓரம் தேய்ந்திருந்தது. டச்சுக்காரன் காலத்துக் கைப்பொத்தான் என்று இவரே முடிவு செய்துவிட்டார். நான் மறுக்கவில்லை, மறுக்கிற அளவுக்கு எனக்கும் எதுவும் தெரியாது. ஜோடியில்லாத ஒற்றைப் பொத்தான் என்பது மட்டும் இவருக்குப் பெரிய துக்கம். ஆண்டுக்கொரு முறை அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு டச்சுக் கல்லறைக்குப் போவார். எந்தத் துரையுடையது என்று தெரியாததால் எல்லாக் கல்லறையிலும் ஒருமுறை காட்டுவார். "தொலஞ்சிபோச்சேனு கவலப்படாத துரை, என்னாண்ட பத்திரமா கீது" என்று ஆறுதல் சொல்வார். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கும். அவற்றின் முன்னால் என்னை நிறுத்தினார்.

"பாருங்க சார். எலும்பாப் போயும் இன்னா தோரணையா நிக்கிறானுங்கோ! மணிக்கட்டு வெறுமனே கீது, அதான் ஒரு கொற."

இப்படிப்பட்டவரை ஊர் கேலி செய்தது உண்மைதான். ஆனால் வேற்றூர்க்காரன் யாராவது கேலி செய்துவிட்டால் அடிக்கப் போய்விடுவார்கள். அந்த ஊரே ஒருநாள் அவரை வெளியில் நிறுத்தியது. காரணம், இந்தப் பாழாய்ப்போன பொத்தான்.

பழவேற்காடு ஏரியில் யாரும் இஷ்டப்பட்ட இடத்தில் வலை கட்டிவிட முடியாது. அதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடம் யாருக்கு என்பதைப் பருவத்துக்குப் பருவம் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். முகத்துவாரத்தை ஒட்டின இடம் கிடைத்தவன் வீட்டில் இறால். கரையோரச் சேறு கிடைத்தவன் வீட்டில் சண்டை. குலுக்கலுக்குச் சீட்டெல்லாம் கிடையாது. ஆளுக்கு ஓர் அடையாளப் பொருள், ஒருவருக்குக் கிளிஞ்சல், ஒருவருக்கு வலையில் கட்டும் ஈயக்குண்டு, இன்னொருவருக்குக் கடித்த வேப்பங்குச்சி. எது யாருடையது என்று ஊருக்கே தெரியும். அவரவர் தன் கையால் கூடையில் போட வேண்டும். எடுக்கிற கை மட்டும் ஊருக்குச் சம்பந்தமில்லாத கையாக இருக்க வேண்டும். அதனால் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கிற வேலை தபாலாபீஸ்காரனான எனக்கு வந்து சேர்ந்தது. நானும் ஏதோ பதவி உயர்வு கிடைத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

கப்லிங்கத்தின் நைனா கிளிஞ்சல் போட்டவர். இவர் அதை மாற்றி, தன் கஃப் லிங்க் ஜோடியில் ஒன்றைப் போடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டார். குலுக்கல் முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொள்வார். நல்ல காரியம் என்பதால் முத்துச்சிப்பி.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தார். இடது கையிலிருந்த லிங்க்கைக் கழற்றி, வலது கையைக் கூடைக்குள் முழங்கை வரைக்கும் விட்டுப் போட்டார். கூடை வாயிலேயே போட்டால் மேலாக நின்றுவிடும், நாலு பேர் நாலுவிதமாகப் பேசுவார்கள் என்று அடியாழத்தில் கொண்டுபோய்ப் போடுவது அவர் நேர்மை. எல்லோரும் போட்டு முடித்தார்கள். என் கண்ணைக் கட்டினார்கள். கூடையைக் குலுக்கினார்கள். நான் கையை விட்டேன்.

முதலில் வந்ததே முத்துச்சிப்பி. "கப்லிங்கத்துக்கு முகத்துவாரம்டா!" என்று ஒரு குரல் கூவியது. அடுத்து ஈயக்குண்டு, அடுத்து ஒரு தக்கைத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆரவாரம். பிறகு இன்னொன்றை எடுத்து உயர்த்திக் காட்டினேன். யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. கண்ணில் கட்டியிருந்த துண்டை நானே இறக்கிவிட்டுப் பார்த்தேன். என் கையில் இன்னொரு முத்துச்சிப்பிப் பொத்தான்.

கூட்டத்தின் ஓரத்தில் கப்லிங்கம் காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றார். இரண்டு கைப்பட்டியும் திறந்து தொங்கின.

தேசப்பன் எழுந்தார். சொந்த வலை வைத்திருந்த இளைஞர், வாய் கொஞ்சம் காரம், நியாயம் பேசுகிறவர் என்று பெயர். கப்லிங்கத்துக்கு மருமகன் முறை.

"மாமா, ஆளுக்கு ஒரு பொருளு. உனுக்கு மட்டும் இன்னா ஜோடி?"

கப்லிங்கத்துக்கு முதலில் புரியவேயில்லை. என் கையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, அங்க கீதா! இங்க வுழுந்துச்சுனு தேடிகினு கீறேன்!"

"தேடினியா, தேடறா மாரி டபாய்ச்சியா?"

அந்த மலர்ந்த முகம் வாடியதை என்னால் மறக்க முடியாது. பாடு குலுக்கலில் ஏமாற்றினான் என்பது அந்த ஊரில் சாதாரணப் பேச்சு அல்ல. பருவம் முழுக்க வலை கட்ட இடமில்லை என்பது ஒருபுறம். அந்தப் பேர் பிள்ளை, பேரன்வரைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிது.

"கை உள்ள வுட்டப்போ கழண்டிருக்கும் தேசப்பா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"இத்தினி நாளு கழலாதது, இன்னிக்கு மட்டும் கழண்டுச்சா?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மங்கா வந்தார். தலைச்சுமட்டு மீன்கூடையைத் தொப்பென்று இறக்கி வைத்தார்.

"இந்த ஆளு வேணும்னே ரெண்டயும் கழட்டிட்டு ஊரு முன்னால நிப்பாரா? எனக்கு இடுப்பு வலி எடுத்து, மருத்துவச்சிய இட்டுகினு வாய்யானு கத்தறேன். ஒரு கைக்கு மாட்டிகினு, இன்னொரு கைக்கு ஜோடி தேடினாரு இந்த மகராசன்! மருத்துவச்சி வர்றதுக்குள்ள புள்ளையே பொறந்துட்டுது. அப்பேர்ப்பட்ட ஆளு, இறாலுக்காவ தொறந்த கையோட நிப்பாரா? கேளுங்க!"

ஊரே சிரித்துவிட்டது. ஊர்த் தலைவரும் மீசைக்குள் சிரித்தார். ஆபத்து நீங்கிவிட்டது என்று நானும் மூச்சு விட்டேன். தலைவர் கையை உயர்த்தினார்.

"சிரிப்பு வேற, பாடு வேற. கொலுக்கல் செல்லாது, திரும்பப் போடுவோம். இவன் மேல சந்தேகம் வந்துட்டுது. இவனுக்கு நான் பொறுப்புனு எவனாவது இவன் பொருள தன் கையால கூடையில போடணும். போட்டா இவனும் உண்டு. நாளைக்கு இவன் தப்புனு ஆனா, போட்டவனுக்கும் எடம் இல்ல. யாரு போடறீங்க?"

முத்துச்சிப்பி ஒன்றைக் கூடைக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார். சற்றுமுன் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் ஏரியைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. என் கை எடுக்கிற கை, போடுகிற உரிமை அதற்குக் கிடையாது. மங்கா குனிந்து எடுக்கப் போனார். "உன் கை அவன் கைதானம்மா" என்று தலைவர் தடுத்துவிட்டார்.

அவர் பொருள் இல்லாமலே கூடை குலுங்கியது. எல்லாம் முடிந்த பிறகு கப்லிங்கம் அந்த ஜோடியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்களே வச்சிக்குங்க சார். வார்த்தய நம்பாத ஊர்ல மணிக்கட்டுல இது இன்னாத்துக்கு?"

அந்தப் பருவம் முழுக்க அவர் வலை கட்டவில்லை. ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடித்தார். மடிப்பு அவிழ்ந்த சட்டைக்கை விரல்நுனிவரைக்கும் தொங்கி, நனைந்து, சேறு அப்பிக்கொண்டிருக்கும். வேறு சட்டை போடுங்களேன் என்றால் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் படகில் போகும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் மங்கா தபாலாபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார். ஏதோ கார்டு வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அஞ்சறப்பொட்டில கடுகு கொட்டி வச்சிட்டேன் சார். பொத்தானெல்லாம் துணில முடிஞ்சி பரண்ல கெடக்குது. எடுத்துப் போடுன்னா போடமாட்டேங்குது அந்த மனுசன். வூடு வூடாவே இல்ல" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இந்த நேரத்தில் தேசப்பனின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைப் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே கப்லிங்கம் சட்டை மேல் ஓர் ஆசை. யாருக்கும் தெரியாமல் காதர் பாயிடம் போய் அதே மாதிரி ஒன்று தைத்துக்கொண்டுவிட்டான். சட்டை வந்துவிட்டது. மணிக்கட்டில் துளைதான் இருக்கிறது, மாட்ட ஒன்றும் இல்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் தேசப்பன் தபாலாபீசுக்கு வந்து, ஒட்டாத ஸ்டாம்பு ஒன்றை நக்கிக்கொண்டே நின்றார்.

"சார்... அந்த ஜோடி உங்களாண்டதான கீது?"

"இருக்கு. என்னுடையது இல்லை. உங்க மாமாவைப் போய்க் கேளுங்க" என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் முறைப்பாகத்தான் சொன்னேன். தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். போய்க் கேட்கமாட்டார் என்பது தெரிந்துவிட்டது. சாயங்காலம் நானே கப்லிங்கத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பகல் முகூர்த்தமா?" என்றார் உடனே.

"ஆமாம்."

"அப்ப முத்துச்சிப்பிதான் சரி. குடுத்துடுங்க. மொகம் வெளிய பாக்கணும்னு சொல்லுங்க, திருப்பிப் போட்டுடப் போறான்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அண்ணே, உங்களை ஊர் நடுவில் நிற்கவைத்துக் கேட்டாரே, அவர் வீட்டுக் கல்யாணம் இது!"

"அதுக்கு மாப்ள இன்னா சார் பண்ணுவான்? தொறந்த கையோடயா தாலி கட்டுவான்?"

அன்று ராத்திரியே மாப்பிள்ளையிடம் போய் ஜோடியைக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று கப்லிங்கம் கடைசி வரிசையில், சட்டைக்கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. மாப்பிள்ளை குனிந்து தாலியைக் கட்டினான். கையை நீட்டினதுதான் தாமதம், வலது கை லிங்க் துளையை விட்டு நழுவி மணப்பெண் மடியில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஏதோ நகை போடுகிறார்கள் என்று நினைத்த அந்தப் பெண், குனிந்த தலை நிமிராமல், அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. நேரே மணவறைக்குப் போனார். பெண்ணிடம் கெஞ்சிப் பொத்தானை வாங்கினார். தம்பி கையில் மாட்டினார்.

"குனிடா."

"இன்னாண்ணா?"

"குனிடான்றேன்!"

குனிந்து கையை நீட்டினான். விழுந்தது. திரும்ப மாட்டினார். "இன்னொரு வாட்டி குனி." மறுபடி விழுந்தது. மேளக்காரர்கள் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் திண்டாடினார்கள். பெண்ணின் அப்பா பதறிப்போய், "தாலி கட்டினானா இல்லியாப்பா? ஏன் இவன இத்தினி வாட்டி குனிய வக்கிறீங்கோ?" என்று கேட்டார். தேசப்பன் காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளங்கையில் அந்தப் பொத்தானை வைத்துக்கொண்டு, காதர் பாய் போட்ட துளையையே பார்த்து நின்றவர், கடைசி வரிசையைத் தேடிப் பார்த்தார். கப்லிங்கம் தன் மடியில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு தேசப்பன் வாயே திறக்கவில்லை. மறுநாள் ஜோடியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். குலுக்கலில் விழுந்த பேச்சைக் குலுக்கலில்தான் எடுக்க முடியும், பந்தலில் எடுத்தால் செல்லாது. அது அவருக்குத் தெரியும், எனக்குத்தான் பொறுமையில்லை.

அடுத்த பருவத்துக் குலுக்கல் வந்தது. எல்லோரும் கூடையைச் சுற்றி நின்றார்கள். கப்லிங்கம் கிட்டே வரவில்லை. தூரத்தில் படகு மறைவில், வேறு ஏதோ வேலையாக வந்தவர்போல நின்றார். என் கண்ணைக் கட்டத் துண்டை எடுத்தார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் தேசப்பன். என் முன்னால் வந்து கையை நீட்டினார். "குடுங்க சார்."

கையோடு கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன். அதில் ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார். "இது மாமாவோடது. நான் போடறேன்." கையைக் கூடைக்குள் முழங்கை வரைக்கும் விட்டு, அடியில் வைத்தார். பிறகு தன் ஈயக்குண்டைப் போட்டார்.

தலைவர் அவரையே பார்த்தார். "யோசிச்சிதான் போட்டியா தேசப்பா?"

"யோசிக்காம பேசினதாலதான் அந்த மனுசன் ஒரு பருவம் பூரா தண்ணில நின்னாரு. யோசிச்சிதான் போட்டேன்."

படகுப் பக்கம் நடந்து போனார். கப்லிங்கத்தின் கையைப் பிடித்தார். சேற்றுக்கறை படிந்த சட்டைக்கையை மடிக்கத் தெரியாமல் மடித்து, இன்னொரு லிங்க்கை மாட்டினார். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, முழுக்கத் தலைகீழாக மாட்டினார். மாப்பிள்ளைக்குக்கூட முகம் வெளியே பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பிய மனுஷர், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டியபடி நின்றார்.

"கூடைக்கு வா மாமா" என்றார் தேசப்பன்.

என் கண்ணைக் கட்டினார்கள். நான் எடுத்தேன். அவருக்கு நடுத்தரமான இடம்தான் வந்தது, இறாலும் உண்டு, சேறும் உண்டு. ஆனால் முகத்துவாரமே கிடைத்ததுபோல ஊர் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு மேலே மங்காவின் குரல், பரணில் இருக்கிற துணிமூட்டையை யாராவது ஏறி எடுத்துக் கொடுங்கள் என்று ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

குலுக்கல் முடிந்து தலைவர் என் கண்கட்டை அவிழ்த்தார். துண்டைக் கையில் பிழிந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், இம்மாம் ஈரமா கீது?" என்றார்.

வேர்வை என்று சொன்னேன். வேர்வை இல்லை. எனக்கு அந்தக் கிறுக்கரை அவ்வளவு பிடிக்கும்.